மூணாவது அடி

இதுவாக்கா? ரோத்தான். உங்க ஊர்ல பிரம்புன்னு சொல்லுவீங்கள்ல, அதான். பேப்பர சுத்திட்டா யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன். நீளமா இருக்கவும் எல்லாருக்கும் அதுமேலயே கண்ணு. டிக்கெட் பாக்கற மலாய்க்காரன், மீன் பிடிக்கப் போறியான்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டேன். அவன்கிட்ட எதுக்கு நம்ம கதை.

கால்ல இடிக்குதா? இந்தப் பக்கம் தள்ளி வெச்சுக்கறேன். மேல வேணாங்க்கா, பஸ் திரும்பறப்ப உருண்டு எங்கயாவது போயிடும். மடியிலயே இருக்கட்டும்.

நீங்க ஊர்லருந்து வந்தவங்கன்னு உக்காந்த ஒடனே கண்டுபிடிச்சிட்டேன். மகளப் பாக்க வந்தீங்களா? பிரசவத்துக்கா? நல்லது. பட்டர்வொர்த்துல மகளே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்குவாளா? குடுத்து வெச்சவங்கக்கா. நானும் மகளப் பாக்கத்தான் போறேன். அவளும் பஸ் ஸ்டாண்டுக்கு வரா. ஆறு மாசத்துல பையன் இருக்கான். இன்னும் நான் மொகம் பாக்கல. ஈப்போவிலருந்து ரெண்டு மணி நேரம்தான், இருந்தும் பாக்கல. இந்தப் பையில மகளுக்கு முறுக்கு, பேரனுக்கு ரெண்டு சட்டை, ஒரு வெள்ளி அரணாக்கொடி. மாரியம்மன் காலடியில வெச்சு எடுத்தது.

ஏன் பாக்கலைன்னு நீங்க கேக்க மாட்டீங்க, நாகரிகமானவங்க. நானே சொல்றேன். ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்து என்ன பண்றது.

என் பேரு ராக்கம்மா. சுங்கை சிப்புட்ல ஸ்கூல் கேன்டீன்ல இருபத்திரெண்டு வருசமா சமையல். வீட்டுக்காரர் இல்ல. ஒரே மக, லோகேஸ்வரி. லோகான்னு கூப்புடுவேன். அவ ஒரு சீனப் பையனக் கட்டிக்கிட்டா. அந்தப் பையன் போன வருசம் செத்துப் போயிட்டான். அவன் எழவுல நான் ஒரு காரியம் பண்ணினேன். அதுக்காக என் மக பதினோரு மாசமா என்கிட்ட பேசல. அவ்ளோதான் கதை. ஆனா நான் பண்ணினது தப்பான்னு நீங்க சொல்லணும். எங்க பக்கத்துல ஒருத்தரும் தப்புன்னு சொல்லல. ராக்கம்மாவா இருக்கக்கொண்டு தட்டிக் கேட்டாள்னுதான் சொன்னாங்க.

எழவுன்னா ஒரு மொறை இருக்குல்லக்கா. என் வீட்டுக்காரர் செத்தப்ப மூணு நாளு எனக்குத் தொண்டையில சத்தமே இல்ல. பெட்டிமேல விழுந்து விழுந்து அழுதேன். நாலு பேர் புடிச்சு இழுத்தாங்க. நெஞ்சுல அடிச்சு அடிச்சு இங்கெல்லாம் கன்னிப் போச்சு. இத்தனைக்கும் அந்த மனுசனோட இருந்த பன்னெண்டு வருசத்துல எனக்கு ஒரு சுகமும் இல்ல. தண்ணி போட்டுட்டு வந்து மிதிப்பாரு. ஆஸ்பத்திரியில தாதி வந்து முடிஞ்சு போச்சுன்னு சொன்னப்ப எனக்கு மொதல்ல வந்தது பசிதான். கீழ போயி ஒரு தட்டு மீ கோரெங் சாப்டேன், உங்க ஊர் நூடுல்ஸ்தான் அது. நல்லா இருந்துச்சு. அது வேற. பாடி வீட்டுக்கு வந்தப்ப அழணும்ல? ஊரே நிக்குது. அழுதேன். ஒப்பாரி தெரிஞ்ச கெழவிங்களே அசந்துட்டாங்க. இன்னிக்கும் ராக்கம்மா அழுத அழுகைன்னு பேசிக்குவாங்க. அப்புறம் பதினாறுக்கு வளையல் உடைச்சாங்க, பொட்ட அழிச்சாங்க, எல்லாம் மொறையா நடந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. கைய நீட்டினேன், உடைச்சாங்க.

அதுக்கப்புறம் லோகாவ ஒத்த ஆளா வளத்தேன். அப்பன் இல்லாத புள்ளைய அடிச்சுத்தான் வளக்கணும். இல்லன்னா ஊரு நம்மளத்தான் பேசும். வீட்டுல ஒரு ரோத்தான் இருந்துச்சு, கதவுக்குப் பின்னாடி ஆணியில. கணக்குல மார்க் கொறஞ்சா அடி. பக்கத்து வீட்டுல போயி டிவி பாத்தா அடி. பால் பொங்கி வழிஞ்சா அடி. நான் எதையும் ஒளிக்கல, அந்தக் காலத்துல எல்லாத் தாயும் அப்படித்தான் இருந்தா. அவ ஓட மாட்டா. நான் ரோத்தானை எடுத்து நீட்டினாப் போதும், உள்ளங்கைய விரிச்சு நீட்டிடுவா. அவ்ளோ ஒழுங்கு. டீச்சருங்க எல்லாம் என்கிட்ட கேப்பாங்க, எப்படிம்மா இவ்ளோ அமைதியா வளத்தீங்கன்னு.

இன்னொண்ணு சொல்றேன், கேளுங்க. அடிச்சு அடிச்சு என் உள்ளங்கை காச்சுப் போச்சு. இங்க பாருங்க, இன்னும் இருக்கு. அவளுக்கு எட்டு வயசு இருக்கும். ஒரு நாள் வேலை முடிஞ்சு வரேன், ரோத்தான் பிடியில செவப்பு ரிப்பன் சுத்தியிருக்கு. ஸ்கூலுக்குத் தல பின்ற ரிப்பன். ஏன்டி சுத்தினேன்னு கேட்டா, அம்மா உங்களுக்குக் கை வலிக்குதுல்லன்னு சொல்றா. எவ்ளோ பாசம் பாருங்க என்மேல. அத நெனச்சா இன்னிக்கும் எனக்குக் கண்ணு கலங்கும். அப்புறம் அடிச்சதெல்லாம் அந்த ரிப்பனோடதான். நெசமாவே கை வலிக்கல.

சீனப் பையனக் கட்டிக்கப் போறேன்னு வந்து நின்னப்ப அவளுக்கு இருபத்தஞ்சு வயசு. அப்பவும் அதே ரோத்தான்தான். மூணு நாளு. நாலாம் நாளு வேலைக்குப் போயிட்டு வரேன்னு போனவ வரல. கல்யாணத்தப் பதிவு பண்ணிக்கிட்டா. ஆறு மாசம் கழிச்சு அந்தப் பையனே வீட்டு வாசல்ல வந்து நிக்கறான், கையில ஒரு பலாப்பழம். அம்மா சாப்டாச்சான்னு கேக்கறான், அந்த நாக்குல தமிழ் வராத தமிழ். சிரிச்சுட்டேன். அப்புறம் கோயில்ல வெச்சு ஒரு தாலியும் கட்ட வெச்சேன்.

ஆ செங்னு பேரு. ஏர்கான், அதான் ஏசி, மாட்டற வேலை. தங்கமான பையன், அத நான் மறைக்க மாட்டேன். வந்தான்னா மார்க்கெட்டுக்குக் கொண்டு போற பசார் பைய என் கையில விட மாட்டான். ரசம் குடிப்பான், கண்ணுல தண்ணி ஊத்திக்கிட்டே குடிப்பான். அவன் அம்மாவத்தான் எனக்குப் புடிக்கல. திரைச்சீலை தைக்கறவ. புக்கிட் மெர்த்தாஜாம்ல கடைவீட்டுக்கு மேல வீடு. பேச மாட்டா. நான் மலாய்ல நாலு வார்த்தை பேசினா அவ ஒரு வார்த்தை. சிரிச்சாளா இல்லையான்னே கண்டுபிடிக்க முடியாது. நம்ம வீட்டுப் பொண்ண மருமகளா எடுத்திருக்கோமேன்னு ஒரு இது வேணாம்?

சீனவங்க எழவ நான் மொதல்ல பாத்தது அந்த ஆ செங் அம்மாவோட மாமியாக்காரி செத்தப்பதான். தொண்ணூத்து நாலு வயசு. அங்க போயிப் பாத்தா எழவு வீடா, திருவிழாவான்னு தெரியலக்கா. பெட்டி அந்தப் பக்கம் இருக்கு, இந்தப் பக்கம் ஆம்பளைங்க மேசை போட்டு மாஜோங்னு கட்டை வெச்சு சூது ஆடறாங்க. கடலை ஒடைக்கறாங்க, பீர் குடிக்கறாங்க. பேண்டு வாத்தியம் வேற. போறப்ப எல்லாருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் குடுத்தாங்க, கெழவியோட ஆயுசு நமக்கும் வரட்டும்னு. நான் நாலு எடுத்துட்டு வந்தேன். நல்ல கிண்ணம், இன்னும் தயிர் ஊத்தி வெக்கறேன். நம்ம ஆளுங்களும் வயசானவங்க செத்தா தப்படிச்சு ஆடறவங்கதானே, அதனால நான் குத்தம் சொல்லல.

ஆனா ஒண்ண கவனிச்சேன். அன்னிக்கு ஆ செங்கோட அம்மா தலைமேல சாக்குத்துணி போட்டுக்கிட்டு, வாசல்லருந்து பெட்டி வரைக்கும் முட்டி போட்டு ஊந்துகிட்டே வந்தா. வாய்விட்டு அழுதா. மருமகள்னா அப்படித்தான் அழணுமாம். பரவால்லயே, இவளுக்கும் அழத் தெரியுதேன்னு நெனச்சேன். அத ஞாபகத்துல வெச்சுக்குங்க. மாமியாருக்கு அழத் தெரிஞ்சவ அவ.

போன வருசம் மழைக்காலத்துல ஆ செங் போயிட்டான். மோட்டார் பைக் சறுக்கி லாரிக்கு அடியில. முப்பத்தோரு வயசு. லோகா வயித்துல நாலு மாசம். போன் வந்தப்ப நான் கேன்டீன்ல சட்டியோட நிக்கறேன். அப்படியே ஒக்காந்துட்டேன். அந்த அழுகை நெசம்க்கா. அத யாரும் பாக்கல.

மறுநாளு வேன் எடுத்துக்கிட்டு எங்க பக்கத்துப் பொம்பளைங்க பதினோரு பேரோட போனேன். வீட்டுல வெக்கல. வெளிய செத்தவன வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாதாம். ஒரு மண்டபத்துல வெச்சிருக்காங்க. கேட்டுலயே நாங்க ஆரம்பிச்சுட்டோம். மார்ல அடிச்சுக்கிட்டு உள்ள போறோம், அங்க ஒரு சத்தம் இல்ல. அவன் அக்கா தங்கச்சிங்க உக்காந்து தாள மடிச்சுக்கிட்டு இருக்காங்க, செத்தவனுக்குக் காசுன்னு எரிக்கறதுக்கு. மாஜோங் இல்ல, பேண்டு இல்ல, கடலைகூட இல்ல. சின்ன வயசுச் சாவுக்கு அதெல்லாம் கெடையாதாம். லோகா வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு ஓரத்துல உக்காந்திருக்கா. கண்ணு வறண்டு கெடக்கு. நான் கட்டிப் புடிச்சுக்கிட்டு, அழுடி, வாய்விட்டு அழுடி, உள்ள வெச்சுக்காதன்னு உலுக்கறேன். அவ என் காதுல மெதுவா சொல்றா, அம்மா, எல்லாரும் பாக்கறாங்க, கொஞ்சம் மெதுவா. பாக்கறதுக்குத்தானேக்கா அழறது?

பையில ரெண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிட்டுப் போயிருந்தேன். அவ வளையலே போட மாட்டா, ஒரு வாட்ச்சுதான். உடைக்கணும்னா மொதல்ல கையில இருக்கணும்ல. எடுத்தேன். வேணாம்மா, என் புருசனுக்கு நான் செய்ய வேண்டியத இங்க செஞ்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்லிட்டா. அவ மாமியார்தான் சொல்லிக் குடுத்திருப்பான்னு நெனச்சேன். சரி, பதினாறாம் நாளு பாத்துக்கலாம்னு உள்ள வெச்சேன்.

அந்த மாமியாரையும் காணோம், மாமனாரையும் காணோம். ரெண்டு நாளா பெத்தவங்க வரல. கேட்டதுக்கு, பெரியவங்க சின்னவங்களக் கும்புடக் கூடாது, பெத்தவங்க புள்ளைய வழியனுப்பக் கூடாது, அதனால வீட்டுலயே இருக்காங்கன்னு சொல்றாங்க. இதென்ன நியாயம்? நம்மள்ல பெத்தவ பொணத்துமேலருந்து எழுந்திருப்பாளா? எங்க பொம்பளைங்க வாயில துணிய வெச்சுக்கிட்டு, கல்லு மனசுன்னு சொன்னாங்க. நானும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொன்னேன்.

மூணாம் நாளு காலையில ஒன்பதரைக்குப் பெட்டிய மூடணும். நேரம் குறிச்சிருக்காங்க. ஒம்பதே காலுக்கு ஆ செங்கோட அம்மா வரா. சாம்பக் கலர் சட்டை, தல படிய வாரியிருக்கு. மொகத்துல ஒண்ணும் இல்ல. புருசன்காரன் வெளிய காருக்குப் பக்கத்துலயே நின்னுட்டான். அவ கையில ஒரு ரோத்தான். எதுக்குடா இதுன்னு பாக்கறேன். நேரா பெட்டிகிட்ட போனா. ரோத்தானைத் தூக்கி, பெட்டிமேல ஒரு அடி. ஓங்கி. அந்தச் சத்தம் எனக்கு எலும்புல எறங்குச்சு. அவங்க பாஷையில என்னமோ சொன்னா, திட்டற மாதிரி. ரெண்டாவது அடி.

நீங்களா இருந்தா என்னக்கா பண்ணுவீங்க? உள்ள படுத்திருக்கறது யாரு? எனக்கு பசார் பை தூக்கின புள்ள. ரெண்டு நாளா வந்து எட்டிப் பாக்காதவ, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ, வந்ததும் வராததுமா பிரம்பால அடிக்கறா. நான் பாஞ்சுட்டேன். மூணாவதா ஓங்கினா பாருங்க, அந்த ரோத்தானைப் புடிச்சு இழுத்துட்டேன். நீயெல்லாம் ஒரு தாயான்னு மலாய்ல கத்தினேன், தமிழ்ல கத்தினேன். எங்க பொம்பளைங்க எல்லாம் எனக்குப் பின்னாடி வந்து நின்னுட்டாங்க.

அவ இழுக்கல. சண்டைக்கு வரல. அவ கை மட்டும் அப்படியே மேல நின்னுச்சு, ரோத்தான் இல்லாம. அந்தக் கையத்தான் அவ பாத்துக்கிட்டு இருந்தா. என்னைப் பாக்கவே இல்ல.

லோகா எழுந்துட்டா. அம்மா குடுங்க, அம்மா குடுங்கன்னு வரா. என்னமோ பயத்துல சொல்றான்னு நெனச்சேன். அதுக்குள்ள அவங்க சாமியார் மணி அடிச்சிட்டார், நேரமாச்சுன்னு. மூடறப்ப பாக்கக் கூடாதாம், எல்லாரும் முதுக காட்டித் திரும்பி நின்னாங்க. எல்லாரும் திரும்பறாங்களேன்னு நானும் திரும்பினேன். பின்னாடி ஆணி அடிக்கற சத்தம் கேக்குது. என் உள்ளங்கையில என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு. பாத்தா விலை போட்ட சீட்டு. ரோத்தான்ல இருந்திருக்கு. புது ரோத்தான்.

திரும்பிப் பாத்தப்ப அவ போயிட்டா. லோகா பெட்டிக்குப் பின்னாடி நடக்கறா. நான் கூப்புட்டேன், திரும்பல.

மூணு நாளு கழிச்சு போன் பண்ணினா. ஒரே ஒரு தடவ. ரொம்ப மெதுவாப் பேசினா, அதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. பெத்தவங்களுக்கு முன்னாடி போறது பெரிய பாவமாம், அவங்க நம்பிக்கையில. கீழ நரகத்துக்குக் கொண்டு போயி அதுக்குத் தண்டிப்பாங்களாம். பெத்த அம்மாவே மூணு அடி அடிச்சு அனுப்பிட்டா, தண்டனை முடிஞ்சு போச்சுன்னு விட்டுருவாங்களாம். அதுக்கப்புறம் அவன் மேல ஒருத்தரும் கை வெக்க மாட்டாங்களாம். நீங்க ரெண்டோட நிறுத்திட்டீங்கம்மான்னு சொன்னா.

எனக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருக்கலாம்ல? என்னோட பன்னெண்டு பொம்பளைங்க நிக்கறோம், ஒருத்திகிட்டயாவது சொல்லியிருக்கலாம். அதத்தான் கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, அத்தை அவர ஒரு நாள்கூட அடிச்சதில்லம்மா. வீட்டுல ரோத்தானே கெடையாது. அன்னிக்குக் காலையில கடை தெறக்கற வரைக்கும் வாசல்ல நின்னு வாங்கிட்டு வந்தாங்க. அப்படின்னா.

  அப்புறம் கேக்கறா, நீங்க என்னை எத்தனை அடி அடிச்சிருப்பீங்கம்மா, ஞாபகம் இருக்கா?

இது என்ன கேள்விக்கா. எண்ணிக்கிட்டா அடிப்பாங்க? பெத்தவ அடிக்காம வேற யாரு அடிப்பான்னு கேட்டேன். வெச்சுட்டா. அதோட சரி. பதினாறுக்கு வரல. புள்ள பொறந்தத வேற யாரோ சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன், பேரு குடுக்காதவங்கள உள்ள விட மாட்டோம்னுட்டாங்க. தாய் பேர யாராவது குடுக்காம இருப்பாங்களா? மறந்திருப்பா. வலியில மறந்திருப்பா.

தைப்பிங் தாண்டிட்டோமா? இங்க எப்பவும் மழைதான். உங்க மக எத்தனாவது மாசம்? ஒன்பதா? நீங்க போனா அவளுக்குப் பாதி வலி கொறஞ்சிடும்.

போன வியாழக்கெழமை போன் அடிச்சது. லோகான்னு பேரு வருது. அடுப்பக்கூட அணைக்காம எடுத்தேன். அம்மா, நல்லா இருக்கீங்களான்னு கேட்டா. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு அழுதுட்டேன். அவ விட்டா, அழ விட்டா. அப்புறம் சொன்னா. அவங்க கணக்குல வர்ற ஞாயித்துக்கெழமை வருசம் திரும்புதாம். மாமியாருக்கு நெஞ்சு ஆபரேஷன் அடுத்த வாரம். எழுந்து வருவேனோ மாட்டேனோன்னு பயப்படறாளாம். தெனம் கனவுல ஆ செங் வரானாம். சின்னப் புள்ளையா வந்து, உள்ளங்கைய நீட்டிக்கிட்டு நிக்கறானாம். ஒரு அடி பாக்கி இருக்கும்மான்னு. ஆபரேஷனுக்குப் போறதுக்குள்ள, சாம்பல் வெச்சிருக்கற எடத்துலயாவது அந்த மூணாவது அடிய அடிச்சு முடிச்சுடணுமாம். அதே ரோத்தான் வேணுமாம். அதுலதான் ஆரம்பிச்சா, அதுலதான் முடிக்கணும்னு பிடிவாதமா இருக்கா.

அம்மா, அந்த ரோத்தான் உங்ககிட்ட இருக்கான்னு கேட்டா.

இருக்குன்னேன்.

அப்ப ஈப்போவுல டிரைவர்கிட்ட குடுத்து விடுங்க, நான் பட்டர்வொர்த்துல வந்து வாங்கிக்கறேன், நீங்க அலைய வேணாம்னு சொன்னா. தாய் அலையக் கூடாதுன்னு ஒரு அக்கறை. ஆனா நான் வரலன்னா நல்லாவா இருக்கும்? பேரனப் பாக்கற சாக்கு வேற. வரேன்னு அவகிட்ட சொல்லல. எறங்கி நிக்கறப்ப பாத்துட்டு என்னைத் திரும்பிப் போன்னா சொல்லுவா? சொல்ல மாட்டா. சொல்லுவாளாக்கா?

இருங்க. அங்க பாருங்க, ஜன்னல் பக்கம். பாலம் வருது பாருங்க. கிரியான் ஆறு. தண்ணி எவ்ளோ கலங்கலா போவுது.

இங்கதான்க்கா வீசினேன்.

அந்த ரோத்தானை. எழவு முடிஞ்சு வேன்ல திரும்பறோம், மடியில வெச்சிருந்தேன். எல்லாரும் அந்தப் பொம்பளையத் திட்டிக்கிட்டே வராங்க, எனக்கும் ரத்தம் கொதிக்குது. இந்தப் பாலத்துக்கு வந்தப்ப ஜன்னலத் தெறந்து வீசிட்டேன். சனியன் தொலைஞ்சுதுன்னு கை தட்டினாங்க. அது தண்ணியில விழுந்துச்சா, பாலத்துமேலயே விழுந்துச்சான்னுகூட நான் பாக்கல.

அப்ப இது எதுன்னு பாக்கறீங்க. போன்ல கேட்டப்ப இல்லன்னு சொல்ல வாய் வரலக்கா. இல்லன்னா வெச்சுடுவாளே. பதினோரு மாசம் கழிச்சு அம்மான்னு கூப்புட்டிருக்கா. இருக்குன்னு வாய் தானா சொல்லிடுச்சு. மறுநாளு கடைகடையா ஏறி எறங்கினேன். இப்ப வர்றதெல்லாம் பிடி வளைஞ்சு, கலர் பிளாஸ்டிக் சுத்தி வருது. அது நேரா, வெறும் பிரம்பா இருந்துச்சு. அப்படி ஒண்ணு எங்கயும் இல்ல. வீட்டுக்கு வந்து கதவ மூடறேன், பின்னாடி ஆணியில தொங்குது. நேரா, வெறும் பிரம்பு. அதே நீளம்.

ஆமாக்கா. லோகாவ அடிச்சதுதான்.

ரோத்தான்னா ரோத்தான்தானே? அந்தம்மாவுக்கு என்ன தெரியப் போவுது, கண்ணு வேற சரியாத் தெரியாதாம். அடிச்சுட்டு நிம்மதியா ஆபரேஷனுக்குப் போகட்டும். ஆத்துல போட்டுட்டேன்னு சொன்னா அந்த நெஞ்சு தாங்குமா? நல்லதுக்குத்தான் பண்றேன். பழசு தெரியக் கூடாதுன்னு சோப்பு போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி வெயில்ல காய வெச்சேன். ரிப்பனையும் பிரிச்சுட்டேன். இருபது வருசமா அந்தச் செவப்பு ரிப்பன், வேர்வையில ஒட்டிக் கெடந்துச்சு, பிளேடு வெச்சுத்தான் எடுத்தேன்.

பிரிச்சே காட்டறேன், நீங்களே பாருங்க. மத்த எடமெல்லாம் பழுப்பா இருக்கு. பிடி மட்டும் வெளேர்னு இருக்கு பாருங்க, ரிப்பன் இருந்த அளவுக்கு. ஒரு ஜாண். எண்ணெய தேய்ச்சேன், காப்பித்தண்ணிய தேய்ச்சேன், போகல. அந்தம்மாவுக்குத் தெரியாது. ஆனா லோகாவுக்குத் தெரியும். சுத்தினதே அவதானே.

கண்டுபிடிச்சிடுவாளாக்கா? நீங்களும் பொண்ணு பெத்தவங்கதான், சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு. சும்மா சொல்லல, நேத்துலருந்து சோறு எறங்கல. அவ கேட்ட கேள்வி வேற உள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எத்தனை அடின்னு. ஈப்போவுல ஏறினதுலருந்து எண்ணிப் பாத்தேன். ரெண்டாம் வகுப்புலருந்து ஆரம்பிச்சேன். நாலாம் வகுப்புக்கு வர்றதுக்குள்ள விட்டுட்டேன்.

ஏன்க்கா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? பரவால்ல. தண்ணி வேணுமா?

வந்துட்டோம். இதான் பட்டர்வொர்த்து. அதோ, அந்தத் தூணுகிட்ட, நீலச் சட்டை. அதான் லோகா. எளச்சுப் போயிட்டா. மார்ல துணி கட்டி வெச்சிருக்கா பாருங்க, உள்ள பையன். தல மட்டும் தெரியுது. முடி அவங்கப்பன் முடி, குத்திக்கிட்டு நிக்குது. டிரைவரத்தான் பாத்துக்கிட்டு இருக்கா.

அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. நீங்க எப்படியும் எறங்கப் போறீங்க. இத அவகிட்ட குடுத்துடறீங்களா? டிரைவர் குடுக்கச் சொன்னார்னு சொல்லுங்க. நான் வந்திருக்கறது தெரிய வேணாம். இந்தப் பையையும் குடுத்துடுங்க. இல்ல, பை வேணாம், முறுக்க பாத்தா தெரிஞ்சிடும். அரணாக்கொடிய மட்டும்... வேணாம், அதுவும் இருக்கட்டும். நான் இங்கயே திரைய இழுத்து விட்டுக்கிட்டு ஒரு நிமிசம் புள்ளைய பாத்துக்கறேன்.

பேப்பர் கிழிஞ்சு போச்சு, நான்தான் பிரிச்சுத் தொலைச்சேன். பிடிப் பக்கத்த நீங்க கையால மூடிப் புடிச்சுக்குங்க, அந்த வெளுத்த எடம் தெரியக் கூடாது. முனைய அவ பக்கம் நீட்டுங்க, வாங்கிக்குவா.

இல்லக்கா, இருங்க. முனைய அவ பக்கம் நீட்டாதீங்க. முனையப் பாத்தா அவ உள்ளங்கைய நீட்டிடுவா.